கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவைச் சுற்றி இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் அடர்ந்த மழைக்காடு. நூறு வருஷம் ஈயம் தோண்டியதில் அந்தக் காடும், ஆறுகளும், அங்கே வாழ்ந்தவர்களின் வாழ்க்கையும் தலைகீழாக மாறிப்போயின. அதைப் பற்றிப் பலர் கேட்கும் கேள்விகளும், தெரிந்த வரையிலான பதில்களும் கீழே.

ஈயம் என்றால் எந்த ஈயம்? பெயின்டில் இருக்கிற விஷமா?

இல்லை. அது காரீயம். இங்கே பேசுவது வெள்ளீயம். மலேசியத் தமிழர்கள் இதை வெறுமனே ஈயம் என்றுதான் சொல்வார்கள், ஈயம் தோண்டும் இடத்தை மலாய்ச் சொல்லை ஒட்டி ஈய லம்பம் என்பார்கள். பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பும் வெள்ளீயம்தான். பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசுகிறோமே, அந்தக் கலாய் என்ற சொல் அரபிலிருந்து வந்தது. மலாய்த் தீபகற்பத்தில் இருந்த கலா என்ற பழைய துறைமுகத்தின் பெயரிலிருந்து அது பிறந்தது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அந்தக் கரையிலிருந்து ஈயம் கப்பலேறியதை அரபுப் பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக, நம் அடுப்படிக்கும் அந்தக் காட்டுக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று வந்தது இல்லை.

கிந்தாவில் மட்டும் ஏன் அவ்வளவு ஈயம்?

கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே கிளேடாங் மலை. இரண்டும் கருங்கல் மலைகள். நடுவில் கிந்தா ஆறு. மலைப்பாறையில் இருந்த ஈயத் தாது லட்சக்கணக்கான வருஷங்களாக மழையில் அரித்து, பள்ளத்தாக்கின் மண்ணோடும் சரளையோடும் கலந்து படிந்தது. மலையைக் குடைய வேண்டியதில்லை. மேல்மண்ணை நீக்கி, அடிமண்ணைத் தண்ணீரில் அலசினால் போதும். தாது கனமானது, தண்ணீரைப்போல் ஏழு மடங்கு கனம். மண் ஓடிவிடும், தாது தங்கிவிடும்.

எடுப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு பெரிய கேடும் அதே காரணத்தால்தான் வந்தது. மலையைக் குடையும் சுரங்கம் என்றால் ஓர் இடத்தில் ஓட்டை போடும், சுற்றிலும் காடு நிற்கலாம். இங்கே பள்ளத்தாக்கின் தரை முழுவதுமே சுரங்கம்.

சீனத் தொழிலாளர்கள் வருவதற்கு முன்பு அங்கே யாருமே ஈயம் எடுக்கவில்லையா?

எடுத்தார்கள். மலாய்க்காரர்களும், சுமத்ராவிலிருந்து வந்த மண்டைலிங் மக்களும் சிறிய அளவில் எடுத்தார்கள். அவர்களுக்குச் சுரங்கம் என்பது ஆவிகள் உலவும் இடம். பாவாங் எனப்படும் மந்திரவாதியின் அனுமதி இல்லாமல் தோண்டத் தொடங்க மாட்டார்கள். 1880-களில் கிந்தாவில் வேலை பார்த்த ஏப்ரஹாம் ஹேல் என்ற ஆங்கிலேய அதிகாரி அந்தக் கட்டுப்பாடுகளைக் குறித்து வைத்திருக்கிறார். சுரங்கத்துக்குள் செருப்புப் போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, பஞ்சு கொண்டு வரக்கூடாது, கறுப்புச் சட்டையைப் பாவாங் மட்டும்தான் போடலாம். யானையையும் புலியையும் அவற்றின் பெயரைச் சொல்லிப் பேசக்கூடாது, மாற்றுப்பெயர்தான் சொல்ல வேண்டும்.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சரியில்லை என்பது என் கருத்து. காட்டுக்குச் சொந்தக்காரர் வேறு யாரோ, நாம் கேட்டுத்தான் எடுக்கிறோம் என்ற கூச்சம் அந்த விதிகளுக்குள் இருக்கிறது. பின்னால் வந்த நீராவி எந்திரங்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை.

ஈயத்துக்காகப் போரே நடந்தது என்கிறார்களே?

ஆமாம், ஆனால் அது கிந்தாவில் இல்லை, வடக்கே லாருட்டில், இன்றைய தைப்பிங் பக்கம். 1840-களில் லோங் ஜாபார் என்ற மலாய்த் தலைவர் அங்கே சுரங்கங்களைத் தொடங்க, சீனாவிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். கீ ஹின், ஹை சான் என்ற இரண்டு சங்கங்கள் சுரங்கத்துக்கும் தண்ணீர்ப் பாதைக்கும் 1861 முதல் 1874 வரை விட்டுவிட்டு அடித்துக்கொண்டன. ஈய வரத்து நின்று பினாங்கு வியாபாரிகள் கூச்சல் போட்டதும், பிரிட்டிஷார் நுழைந்தார்கள். 1874 ஜனவரி 20-ல் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. சுல்தானுக்கு ஆலோசனை சொல்ல என்று வந்த முதல் ரெசிடென்ட், அதாவது பிரிட்டிஷ் பிரதிநிதி, பெர்ச், மறுவருஷம் நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதன்பின் ஆட்சி முழுக்கப் பிரிட்டிஷார் கையில். 1880-களில் லாருட்டின் மேலடுக்குத் தாது குறைய, கூட்டம் கிந்தாவுக்கு நகர்ந்தது. சில வருஷத்தில் கிந்தா லாருட்டை முந்திவிட்டது. ஆற்றோரக் கிராமமாக இருந்த ஈப்போ நகரமானது அப்படித்தான்.

காடு அழிந்தது மரம் வெட்டியதால் மட்டும்தானா?

மரம் வெட்டியது முதல் அடி. தாதுவை உருக்க மரக்கரி வேண்டும், அதுவும் வைரம் பாய்ந்த மரத்தின் கரி. சுரங்கக் குழியில் தேங்கும் தண்ணீரை இறைக்க நீராவி எந்திரம், அதற்கு விறகு. கூலிகள் தங்கும் கொங்சி வீட்டுக்கு மரம், தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்காலுக்கு மரம். சுரங்கம் இல்லாத காடும் சுரங்கத்துக்காக விழுந்தது.

ஆனால் வெட்டிய காடு முளைக்கும். கிந்தாவில் முளைக்க முடியாமல் போனதற்குக் காரணம் மண். மழைக்காட்டின் சத்தெல்லாம் மேலே உள்ள மெல்லிய மண்ணில்தான் இருக்கிறது. லம்பத்தில் அந்த மண்ணை முதலில் உரித்துப் போடுவார்கள். அடிமண்ணை அலசும்போது களி தண்ணீரோடு ஆற்றுக்குப் போகும், வெறும் மணல் மட்டும் குவியும். சத்தும் இல்லை, ஈரமும் நிற்காது, வெயிலில் கொதிக்கும். தீபகற்ப மலேசியாவில் இப்படி ஈயம் எடுத்து விடப்பட்ட நிலம் ஒரு லட்சம் ஹெக்டேருக்கும் மேல். அதில் பெரும்பகுதி பேராக்கிலும் சிலாங்கூரிலும் இருக்கிறது.

ஆறுகள்?

களி போன இடம் ஆறு. ஆற்றுப்படுகை மேடானது, வெள்ளம் கரை மீறியது, வயலில் மணல் ஏறியது. சிலாங்கூரில் கோலகுபு என்ற ஊரே வண்டலில் புதைந்து, 1930-ஐ ஒட்டி ஊரை மேட்டுக்கு மாற்ற வேண்டி வந்தது. இன்றைய கோலகுபு பாரு அந்தப் புதிய ஊர்தான். சுரங்கக்காரர் ஒருவர், வெள்ளத்தில் நெல்லைத் தொலைத்தவர் வேறொருவர். இரண்டு பேரும் ஒரே ஆற்றங்கரையில் இருந்தார்கள், கணக்கு மட்டும் தனித்தனியாக எழுதப்பட்டது.

கூலிகளின் வாழ்க்கை எப்படி இருந்தது?

கப்பல் கட்டணத்தைக் கடனாகச் சுமந்துகொண்டு தென்சீனாவிலிருந்து வந்தவர்கள். முதல் வருஷம் அந்தக் கடனுக்கே உழைப்பு. சுரங்கத்துக்கு முன்பணம் போட்டவரே அரிசி, எண்ணெய், புகையிலை, அபின் எல்லாவற்றையும் கொங்சி வீட்டில் விற்பார், சந்தை விலைக்கு மேலே. கூலிக்கணக்கு முடிக்கும்போது கையில் ஒன்றும் மிஞ்சாது. ஈய விலை இறங்கினால்கூட முதலாளிக்கு அபினில் லாபம் உண்டு. அரசாங்கமும் சும்மா இல்லை. அபின், சூதாட்டம், சாராயம், அடகுக்கடை எல்லாவற்றையும் குத்தகைக்கு விட்டு வருமானம் பார்த்தது. உழைப்பவனின் அலுப்பே வரியாக மாறியது.

ஆட்களை அதிகமாகக் கொன்றது மண்சரிவு இல்லை, நோய். அதில் பெரிபெரி என்ற நோயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நம் சாப்பாடும் வருகிறது.

கால் வீங்கும், மரத்துப்போகும், நடக்க முடியாது, கடைசியில் இதயம் நிற்கும். சுரங்கத்துச் சீனர்களுக்கு இது கொத்துக்கொத்தாக வந்தது. பக்கத்துத் தோட்டங்களிலும் ரயில் பாதையிலும் வேலை செய்த தமிழர்களுக்கு அநேகமாக வரவில்லை. காற்றா, ஈரமா, தொற்றா என்று மருத்துவர்கள் குழம்பினார்கள். பிராடன் என்ற மருத்துவர் தட்டைப் பார்த்தார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. 1905-ல் கோலாலம்பூர் மனநல விடுதியில் பிளெட்சர் என்ற மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளில் ஒரு பாதிக்கு வெள்ளை அரிசி, இன்னொரு பாதிக்குப் புழுங்கலரிசி. வெள்ளை அரிசிக் குழுவில் பலருக்குப் பெரிபெரி வந்தது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் குழுவில் ஒருவர்கூட அந்த நோயால் சாகவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அது தயமின் என்ற விட்டமின் என்று பின்னால் தெரிந்தது. நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாக அண்டாவில் நெல் அவித்தார்களே, அந்தப் பழக்கம் இங்கே உயிர் காத்திருக்கிறது. பக்கத்துக் கொங்சி வீட்டில் அது தெரியாமலே இளைஞர்கள் செத்தார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

பெண்களுக்கு இந்தத் தொழிலில் இடம் இருந்ததா?

இருந்தது, ஆனால் வரலாற்றில் அவர்கள் பெயர் இல்லை. டூலாங் என்பது ஆழமில்லாத மரத்தட்டு. நம் முறம் வட்டமாக, நடுவில் சற்றுக் குழிந்து இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. ஓடையிலோ லம்பத்துக் கழிவுநீரிலோ முழங்கால் அளவு தண்ணீரில் குனிந்து நின்று, ஒரு தட்டு மணலை அள்ளி, இரண்டு கையாலும் சுழற்றுவார்கள். ஒவ்வொரு சுழற்சிக்கும் விளிம்பு வழியாக மணல் கொஞ்சம் வழியும். கடைசியில் நடுக்குழியில் ஒரு சிட்டிகை கறுப்பு மணல் நிற்கும். அதுதான் தாது. அதை டப்பாவில் தட்டிவிட்டு மறுபடி குனிய வேண்டும்.

பெரும்பாலும் ஹக்கா சீனப் பெண்கள். இதற்கும் அரசாங்க அனுமதிச் சீட்டு வேண்டும், உரிமம் பெற்ற வியாபாரியிடம்தான் விற்க வேண்டும். ஈய விலை விழுந்து லம்பம் மூடி, ஆண்களுக்கு வேலை போன காலங்களில் பல வீடுகளில் உலை கொதித்தது இந்தத் தட்டால்தான்.

தமிழர்களுக்கு என்ன தொடர்பு?

சுரங்கத்துக்குள் சீனர்களைப்போல் பெருந்தொகையாக இல்லை. ஐரோப்பியக் கம்பெனிகளின் லம்பங்களில் கொஞ்சம் பேர் வேலை செய்தார்கள். ஆனால் ஈயத்தை வெளியே கொண்டுபோன பாதை தமிழர் உழைப்பு. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்குத் திறந்தது, சுமார் 13 கிலோமீட்டர். ஈயத்துக்காகவே போட்ட பாதை. இலங்கையிலிருந்து ஆள் கொண்டுவந்து போட்டார்கள். பின்னால் ரயில்வே அலுவலகங்களில் யாழ்ப்பாணத் தமிழர்கள் எழுத்தர்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் நிறைந்தார்கள், தண்டவாளத்தில் தமிழ்நாட்டுக் கூலிகள். செட்டியார்கள் ஈய முதலாளிகளுக்கு வட்டிக்குப் பணம் கொடுத்தார்கள். ஒரே சமூகத்தில் ஒருவர் வட்டி வாங்கினார், ஒருவர் சம்மட்டி தூக்கினார். இரண்டையும் சேர்த்துத்தான் நம் வரலாறு என்று சொல்ல வேண்டும்.

ஈயக் கப்பல் என்றால் கடலில் போகும் கப்பலா?

கடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது தான் தோண்டிய குளத்தில் தானே மிதக்கும் தொழிற்சாலை. சங்கிலியில் கோத்த பெரிய இரும்பு வாளிகள் குளத்தின் அடியிலிருந்து மண்ணை வாரி மேலே கொண்டுவரும். உள்ளே சலித்து அலசி, தாதுவை வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பின்பக்கம் கொட்டும். முன்னால் நிலத்தைத் தின்று, பின்னால் மணலைக் கக்கி, குளத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு நகரும். முதல் ஈயக் கப்பல் 1912-13 வாக்கில் பத்து காஜா பக்கம் வந்தது.

தஞ்சோங் துவாலாங்கில் ஒன்று இன்னும் நிற்கிறது. 1938-ல் கட்டியது, 4,500 டன் எடை, 1982 வரை ஓடியது. இப்போது அருங்காட்சியகம். ஈப்போ போகிறவர்கள் ஒரு நடை போய்ப் பார்க்கலாம்.

சமூக விளைவு என்று பார்த்தால், ஆயிரம் கூலிகள் வெட்டும் மண்ணை இந்தக் கப்பலில் சில பத்து பேர் எடுத்தார்கள். கப்பல் வாங்க லண்டன் முதலீடு வேண்டும். அதனால் 1930-க்குள் சீன முதலாளிகளை ஐரோப்பியக் கம்பெனிகள் உற்பத்தியில் முந்திவிட்டன. லாபம் பங்குதாரர்களுக்குக் கப்பலேறியது.

காட்டில் ஏற்கெனவே இருந்த மக்கள் என்ன ஆனார்கள்?

செமாய், தெமியார் என்ற ஓராங் அஸ்லி மக்கள்தான் அந்தக் காட்டின் மூத்த குடிகள். சுரங்கம் பரவப் பரவ மேலே, மலைக்குள் தள்ளப்பட்டார்கள். ஆறு கலங்கினால் மீன் இல்லை, காடு போனால் வேட்டை இல்லை, பிரம்பும் பிசினும் இல்லை. பத்திரம் இல்லாத நிலம் என்பதால் அவர்களுக்கு இழப்பீடு என்ற பேச்சே எழவில்லை. ஈயத்தைப் பற்றிய கணக்குகளில் டன், வரி, பங்கு எல்லாம் துல்லியமாக இருக்கும். இவர்கள் இழந்தது எந்தப் பத்தியிலும் இருக்காது.

நாட்டுக்கு நன்மையே இல்லையா?

இருந்தது, அதை மறைக்கக்கூடாது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலக ஈயத்தில் பாதியளவு மலாயாவிலிருந்து போனது. ஈய ஏற்றுமதி வரியில்தான் பேராக்கின் சாலை, ரயில், மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. ஈப்போவின் அழகான கடைவீதிகள் ஈயப் பணம். பிரபலமான யூ யான் சாங் மருந்துக்கடை 1879-ல் கோப்பெங்கில், சுரங்கக் கூலிகள் நடுவில் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகும் 1970-களின் தொடக்கத்தில் மலேசியா வருஷத்துக்கு 70,000 டன்னுக்கு மேல் எடுத்து உலகத்தில் முதலிடத்தில் இருந்தது.

சிக்கல் என்னவென்றால், விலையை நிர்ணயித்தது லண்டன். 1930-களின் மந்தத்தில் உற்பத்திக்கு உச்சவரம்பு வைத்தார்கள். வேலை போன சீனத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேரைத் திருப்பி அனுப்பினார்கள். போகாதவர்கள் லம்பத்து ஓரத்திலும் காட்டு ஓரத்திலும் குடிசை போட்டுக் காய்கறி பயிரிட்டுப் பிழைத்தார்கள். 1948-ல் அவசரகாலம் வந்ததும், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு இவர்கள் சோறு போடுகிறார்கள் என்று சொல்லி, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். நாடு முழுவதும் ஐந்து லட்சம் பேருக்கு மேல். கிந்தாவில் இன்றும் இருக்கும் சீனப் புதுக்கிராமங்கள் பல அப்படி உருவானவை.

1985-ல் என்ன நடந்தது?

விலை சரியாமல் இருக்க, சர்வதேச ஈய மன்றம் என்ற அமைப்பு சந்தையில் ஈயத்தை வாங்கி வாங்கிக் கையிருப்பு வைத்தது. ஈயம் பூசிய தகர டப்பாக்களுக்குப் பதிலாக அலுமினியம் டப்பாக்கள் வந்து தேவை குறைந்தது. மன்றத்தில் சேராத பிரேசில், அமேசான் காட்டில் புதிய சுரங்கங்களைத் திறந்து சந்தையை நிரப்பியது. 1985 அக்டோபர் 24-ல் மன்றத்தின் பணம் தீர்ந்தது. லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரம் அன்றே நின்றது. சில மாதத்தில் விலை பாதியளவுக்கு இறங்கியது.

கிந்தாவில் லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. எந்திரம் பழைய இரும்புக்குப் போனது. இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும், முடிந்தவர்கள் இன்னும் தூரமாகவும் போனார்கள். பாப்பான் போன்ற ஊர்களில் கடைவீதி பூட்டிக் கிடந்தது, சுவரில் ஆலஞ்செடி முளைத்தது. ஒரு மழைக்காட்டின் ஈயம் இன்னொரு மழைக்காட்டின் ஈயத்தால் வீழ்ந்தது. பிரேசிலில் பிட்டிங்கா என்ற அந்த அமேசான் சுரங்கத்துக்காக வைமிரி அட்ரோவாரி பழங்குடிகளின் நிலத்தை வெட்டிக் கொடுத்தார்கள்.

புக்கிட் மேரா விவகாரத்துக்கும் ஈயத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஈயம் எடுத்தபின் மிஞ்சும் கனமான மணலுக்கு அமாங் என்று பெயர். அதில் மோனசைட் என்ற தாது உண்டு, நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இருப்பதுபோல. அதிலிருந்து அரிய மண் உலோகங்களை எடுக்கலாம், ஆனால் கதிரியக்கம் உள்ள தோரியம் கழிவாக மிஞ்சும். ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் பங்கு வைத்திருந்த ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982-ல் ஈப்போ பக்கம் புக்கிட் மேராவில் இந்த வேலையைத் தொடங்கியது. குழந்தைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வருகிறது என்று ஊர் மக்கள் பதறினார்கள். 1985-ல் வழக்குப் போட்டார்கள். 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. மறுவருஷம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனாலும் மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு 1994-ல் ஆலை மூடப்பட்டது. சுத்தப்படுத்தும் வேலை அதற்கப்புறமும் பல வருஷம் இழுத்தது.

இப்போது அந்த நிலம் எப்படி இருக்கிறது? காடு திரும்ப வருமா?

விமானத்திலிருந்து பார்த்தால் பச்சையும் நீலமுமாக நூற்றுக்கணக்கான குளங்கள் தெரியும். எல்லாம் பழைய லம்பக் குழிகள். பலவற்றில் மீன் வளர்க்கிறார்கள், கரையில் வாத்துப் பண்ணை. கரை சரேலென்று ஆழத்துக்குப் போகும், இறங்கிக் குளிக்கும் இடம் இல்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். மணல் நிலத்தில் உரம் போட்டுக் கொய்யாவும் காய்கறியும் எடுக்கிறார்கள். கம்பாரிலும் துரோனோவிலும் பல்கலைக்கழக வளாகங்களே வந்துவிட்டன. பத்து காஜா பக்கம் சில குளங்களை விட்டுவைத்ததில் கொக்கும் நாரையும் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன.

பழைய காடு? வராது. களிமண் தங்கிய இடங்களில் புதர் வளர்ந்து, அப்புறம் மரமும் வருகிறது. மணல் மேடுகளில் பல பத்து வருஷம் ஆகியும் புல்லும் பெரணியும்தான். பழைய மழைக்காட்டின் பெருமரங்களுக்கு வேண்டிய மண் அங்கே இல்லை, அந்த மண் ஆற்றோடு போய்விட்டது.

ஈயத்தின் தேவை குறைந்துவிட்டதா?

இல்லை. இன்று உலக ஈயத்தில் பாதியளவு சால்டராகப் போகிறது, அதாவது போனிலும் டிவியிலும் பாகங்களை ஒட்டும் பற்றாசாக. பேராக்கின் வடகோடியில் கிலியான் இந்தானில் இன்னும் எடுக்கிறார்கள், ஆனால் பெரிய அளவில் எடுக்கும் இடங்களில் ஒன்று இந்தோனேசியாவின் பங்கா, பெலித்துங் தீவுகள். கிந்தாவில் நடந்தது அங்கே மறுபடி நடக்கிறது. அங்கே நிலத்தில் தாது குறைந்ததால் கரையோரக் கடலடியையும் உறிஞ்சுகிறார்கள், கலங்கிய தண்ணீரில் மீனவர்கள் வலையை வெறுமனே இழுக்கிறார்கள். கொங்கோவின் வடகிவு மாகாணத்தில், பிசியே என்ற இடத்தில், மழைக்காட்டு நடுவில் இன்னொரு பெரிய சுரங்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.